முப்பத்திரண்டாவது பெயர்

போன மாதம் சுதா டீச்சர் என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளியில் இப்போது கணக்கு நடத்துவது அவள்தான். வந்ததும் வராததுமாக வருகைப் பதிவுச் செயலியைத் திட்ட ஆரம்பித்தாள். காலையில் குறித்த நேரத்துக்குள் எல்லாப் பிள்ளைகளின் வருகையையும் செல்போனில் ஏற்ற வேண்டுமாம். அந்த நேரம் பார்த்துத்தான் அது சுற்றிக்கொண்டே நிற்குமாம். நான் மோரைக் கொடுத்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவர் படும் பாட்டைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை நான் மறைப்பதில்லை.

திட்டி முடித்ததும் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள்.

"பீரோவ ஒழிச்சப்ப கெடச்சுதுங்க டீச்சர். கொரோனா வருசத்து ஏழாம் வகுப்பு. உங்க கையெழுத்துதானுங்க. வகுப்புல முப்பத்தொரு புள்ளைங்கன்னு மேல போட்டிருக்கீங்க. இந்த முப்பத்திரண்டாவது பேரு யாருங்க? சேர்க்கை எண்ணும் இல்ல, பொறந்த தேதியும் இல்ல. ஆனா பேரு இருக்குதுங்க."

"உக்காரு கண்ணு, சொல்றேன்" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். சொன்னபடியே எழுதினால் பாதிக்கு மேல் வசவாக இருக்கும்.

ஆசிரியர் பயிற்சி இரண்டு வருஷம், மேச்சேரிப் பக்கம் ஒன்பது வருஷம், தம்மம்பட்டிப் பக்கம் ஆறு வருஷம், மிச்சமெல்லாம் நாமக்கல் வட்டாரம் என்று என் சேவை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இதில் பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தராத ஒன்றை மேச்சேரிப் பக்கம் கற்றேன். அங்கே பாதிப் பையன்கள் ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள். போனவனுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவன் 'உள்ளேன் டீச்சர்' என்பான். ஒருத்தன் மூன்று பேருக்கு மூன்று குரலில் சொன்னான். முதல் வருஷம் முழுக்க நான் அந்த மூன்று பேருக்கும் சேர்த்து வருகை போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு முறை உண்டு. பெயரைக் கூப்பிடுவேன். குரல் கேட்டதும் பேனாவை வைக்க மாட்டேன். தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்பேன். முகமும் பெயரும் ஒத்துப்போனால் முற்பகலுக்கு ஒரு சாய்கோடு. மதியம் மறுபடி கூப்பிட்டு, பார்த்து, அதன் குறுக்கே இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு பெருக்கல் குறி. அதுதான் ஒரு பிள்ளையின் ஒரு முழு நாள். முகம் பார்க்காமல் கோடு போட்டதில்லை என்று மற்ற ஆசிரியர்களிடம் நான் பெருமை அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

எங்கள் தலைமையாசிரியை மல்லிகா. என்னைவிட ஏழு வயது இளையவர். பதவி உயர்வில் வந்தவர். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர், எழுதிக் குடுத்துருங்க" என்பார். கழிவறைக் குழாய் உடைந்திருக்கிறது என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். குரங்கு வந்து சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னதற்கும் எழுதித்தான் கொடுத்தேன். அதை அவர் கோப்பில் வைத்து, மேலே தேதி முத்திரையும் குத்தினார். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுத் தப்பித்துப் பழகிய எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

அப்படியிருக்கும்போதுதான் கொரோனா வந்து பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. ஜூன் தாண்டியும் திறக்கவில்லை. எந்தெந்தப் பிள்ளை வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று கணக்கெடுத்துப் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். சேர்க்கைப் பதிவில் இருந்த எண்களுக்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே போன் போட்டேன்.

"செல்லு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க டீச்சர்."

"வாட்ஸ்அப் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க டீச்சர்."

படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனேன். அந்த செல் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. இந்தக் கதையில் நடந்த எல்லா வேடிக்கைக்கும் காரணம் நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான்.

வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். அதன் அழகை என்னவென்று சொல்வது? நான் பாடம் போடுவதற்கு முன்னாலேயே ஒரு பையனின் சித்தப்பா அன்றைய முட்டை விலையைப் போட்டுவிடுவார். அதற்கு நாலு பேர் கும்பிடு போடுவார்கள். நான் முழுக்களின் கூட்டலைப் போட்டால் ஒருவரும் கும்பிட மாட்டார்கள். பாடத்தை வீடியோ எடுத்தது என் வீட்டுக்காரர். கரும்பலகை தெரிந்தால் என் தலை தெரியாது, தலை தெரிந்தால் பலகை தெரியாது. நடுவில் அவரே, "கையை ஆட்டாத, கூட்டல் குறி மறைக்குது" என்பார். அந்தக் குரலும் பாடத்தோடு சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போனது. அடுத்த நாள் ஒரு பெண் குழுவில், "டீச்சர், சார் சொன்னது கேட்டுச்சு, நீங்க சொன்னது கேக்கல" என்று எழுதினாள்.

தலைமையாசிரியை நீள நோட்டில் தன் கையாலேயே கோடு போட்டு, 'இணையவழி வருகைப் பதிவேடு' என்று தலைப்பு எழுதி என்னிடம் தந்தார். நான் ஒரு சட்டம் போட்டேன். காலை பத்து மணிக்கு ஒவ்வொரு பிள்ளையும் குரல் பதிவில் 'உள்ளேன்' சொல்ல வேண்டும். மாலை ஐந்துக்குள் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். இரண்டும் செய்தால்தான் பெருக்கல் குறி. "செய்யாதவர்கள் பெயர் என் நோட்டில் இருக்காது" என்று ஒரு மிரட்டலும் சேர்த்துப் போட்டேன். வகுப்பில் நான் தினமும் சொல்லும் மிரட்டல்தான். பிள்ளைகள் அதற்குப் பயந்து நான் பார்த்ததில்லை.

முப்பத்தொரு பேரில் ஒரு நாளும் தவறாதவள் தாரணி. பள்ளி நடந்தபோது வாரத்துக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தவள், இப்போது பத்து மணி அடித்தால் முதல் ஆள். குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்று இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அந்தக் குரலுக்குப் பின்னால் எப்போதும் மழை கொட்டும் சத்தம் கேட்கும். எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லையே, இந்தப் பிள்ளை வீட்டுக்கு மட்டும் எப்படி மழை பெய்கிறது என்று ஒரு நாள் யோசித்தேன். யோசித்ததோடு சரி.

வீட்டுப்பாடம் அதைவிட அதிசயம். திங்கட்கிழமை எழுத்து சாய்ந்திருக்கும், செவ்வாய்க்கிழமை குண்டு குண்டாக இருக்கும். 'கையெழுத்தில் கவனம் தேவை' என்று எழுதினேன். அடுத்த நாள் அச்சடித்த மாதிரி வந்தது. 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கடல் மட்டத்துக்கு நூற்றிருபது மீட்டர் கீழே இருக்கிறது, நாற்பத்தைந்து மீட்டர் மேலே வந்தால் இப்போது எங்கே இருக்கும் என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகளில் பாதிப் பேர் கப்பலை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாரணி மட்டும் சரியாகக் கழித்தல் எழுபத்தைந்து என்று போட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: 'அதாவது 246 அடி. எங்களுக்கு இந்த ஆழத்தில் கருங்கல் வரும்.'

வட்டத்தின் பரப்பளவு நடத்தினேன். விட்டம் பதினான்கு சென்டிமீட்டர். தாரணியின் விடை சரி. கீழே மறுபடி குறிப்பு: 'இது ஐந்தரை அங்குலத் துளை. நாங்கள் ஆறரை போடுவோம்.'

கொஞ்சம் புத்தியுள்ளவர் யாராக இருந்தாலும் அந்த 'நாங்கள்' என்ற இடத்தில் நின்றிருப்பார்கள். நான் நிற்கவில்லை. எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. தாரணியின் அப்பா முருகேசன் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் டிரைவர். அப்பாவின் தொழிலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை எவ்வளவு அழகாகக் கணக்கோடு சேர்க்கிறது என்று பூரித்துப்போய், வட்டார அளவில் நடந்த இணையவழிக் கூட்டத்தில் அதை எடுத்துவிட்டேன். அதிகாரி, "வாழ்க்கையோடு இணைந்த கற்றல்" என்று பாராட்டி, அந்தப் பக்கங்களின் படத்தை எல்லாப் பள்ளிக்கும் மாதிரியாக அனுப்பச் சொன்னார். எல்லாப் பிள்ளையும் குழுவில் இருப்பதால் நூறு சதவீத இணைப்பு என்றும் எங்கள் பள்ளியைத் தனியாகச் சொன்னார். என் வீட்டுக்காரர்கூட அன்று என்னை மரியாதையாகப் பார்த்தார்.

அது நடந்து பத்து நாளில், சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டையும் புதுப் பாடப்புத்தகமும் கொடுக்கும் நாள் வந்தது. பள்ளி வாசலில் இடைவெளி விட்டுச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தோம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு தாய். தாரணியின் அம்மா சாந்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"சாந்தி, உம்பொண்ணு கணக்குல புலியாயிட்டா. ஜில்லா முழுக்க அவ நோட்டத்தான் பாக்கறாங்க" என்றேன்.

சாந்தி திருதிருவென்று விழித்தாள்.

"எந்தப் புள்ளைங்க டீச்சர்?"

"ஏன், தாரணிதான்."

"அவ எங்கீங்க படிச்சா? எங்கூட்ல வாட்ஸ்அப் செல்லே இல்லீங்களே. இருக்கற ஒரு செல்லயும் அவரு வண்டிக்கு எடுத்துட்டுப் போயிட்டாருங்க. பூட்டு போட்டதுல இருந்து மத்தியப் பிரதேசத்துலதான் மாட்டிக்கிட்டு இருக்காரு. எங்கிட்ட பட்டன் செல்லுதானுங்க."

"அப்ப தாரணி?"

"எங்கூட கோழிப்பண்ணைக்கு முட்ட பொறுக்க வருதுங்க. வயசுக்கு வந்த புள்ளைய ஊட்ல ஒண்டியா எப்பிடிங்க உட்டுப்போட்டுப் போறது? அவரு, 'பேரு போகாம நான் பாத்துக்கறன்'னு சொன்னாருங்க. பள்ளிக்கூடத்துல பேசி வெச்சிருக்காருன்னு நெனச்சனுங்க."

பக்கத்து மேசையில் புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை கண்ணாடியைக் கீழே இறக்கினார். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மூன்று மாதமாக நான் வருகை போட்டது யாருக்கு? 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியது யாருக்கு?

அங்கேயே, புளியமரத்தடியில் நின்று, அந்த எண்ணுக்கு முதன்முறையாக வீடியோ கால் போட்டேன். எடுத்தவுடன் தார்ப்பாய்க் கூரை தெரிந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மீசை வைத்த ஓர் ஆள், காதில் பென்சில். என் முகத்தைப் பார்த்ததும் அவர் துள்ளி எழுந்தார். "டேய், டீச்சருடா!" என்றார். பின்னால் சமைத்துக்கொண்டிருந்தவர், படுத்திருந்தவர், சீட்டாடிக்கொண்டிருந்தவர் என்று மூன்று பேர் எழுந்து வரிசையாக நின்றார்கள். நான்கு தடி ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நான் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இத்தன நாளா வீட்டுப்பாடம் யாரு எழுதுனது?"

"நாங்கதானுங்க டீச்சர்" என்றார் அந்த மீசைக்காரர், முருகேசன். "மழையில வேலை இல்லீங்க. கழித்தல் கணக்கெல்லாம் நானுங்க. தரைய பூச்சியம்னு வெச்சுக்கிட்டா ராடு எறங்கறது கழித்தல், ஏத்தறது கூட்டல், சுலுவா வந்துருதுங்க. வட்டமெல்லாம் எங்க டிரில்லருங்க, ஐடிஐ படிச்சவரு. 'உள்ளேன்' சொல்றது சமையக்கார அண்ணனுங்க. அவருக்குத்தான் கொரலு சன்னமுங்க."

ஐம்பது வயதைத் தாண்டிய சமையல்காரர் கரண்டியோடு தலைகுனிந்து நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நான் கோபமாக இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

"அங்க பொண்ணு முட்ட பொறுக்குது, இங்க நீங்க பாடம் படிக்கறீங்க. இது நியாயமா? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

முருகேசன் காதுப் பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார். பிறகு சொன்னார்.

"பேர எடுத்துருவீங்கன்னு பயமுங்க டீச்சர். வீட்டுப்பாடம் அனுப்பாட்டிப் பேரு இருக்காதுன்னு நீங்கதான போட்டீங்க. நான் ஆறாவது படிக்கறப்ப எங்கய்யன் கூட கரும்பு வெட்டப் போயிட்டனுங்க. ரெண்டு மாசம். திரும்பி வந்து வகுப்புல உக்காந்தா, எனக்கு மேல இருக்கறவனக் கூப்புட்டாங்க, கீழ இருக்கறவனக் கூப்புட்டாங்க, என்னையக் கூப்புடலீங்க. நாளைக்குக் கூப்புடுவாங்கன்னு பத்து நாளு போயி உக்காந்து பாத்தனுங்க. கூப்புடவே இல்லீங்க. அப்பறம் நான் போகலீங்க."

பிள்ளைகள் ஒருத்தரும் பயப்படாத என் மிரட்டலுக்கு எங்கோ காட்டுக்குள் இருந்த ஒரு பெரிய மனிதர் பயந்திருக்கிறார். அவர் பெயரை நீக்கியதும் என்னைப் போல ஒரு வாத்தியார்தான். விதிப்படி சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அதை நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீடியோவில் தெரியக் கூடாது என்று செல்லைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன். அவர்களுக்குப் புளியமரம் மட்டும் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோழிப்பண்ணைக்குப் போனேன். வாசலிலேயே வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடித்தார்கள். என் காலை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொன்னார்கள். ஊரெல்லாம் அப்போதுதான் கை கழுவக் கற்றுக்கொண்டிருந்தது. கோழிகளுக்கு அந்த மரியாதை பல வருஷமாக இருக்கிறது.

தாரணி ஷெட்டின் ஓரத்தில் அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஒரு கைக்கு மூன்று முட்டை என்று எடுத்து, பார்க்காமலே குழியில் வைக்கிறாள். இந்த வேலை இவளுக்கு இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்று எனக்குப் பயம் வந்தது. இன்னும் நான்கு மாதம் போனால் பள்ளி திறந்தாலும் இவள் வரமாட்டாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்கப்பாவா? எம்பேர்லயா? எத்தன மார்க் போட்டீங்க டீச்சர்?" என்றாள்.

"போன தேர்வுல இருபத்தஞ்சுக்கு இருபத்திரண்டு."

அவளுக்கு மூக்கு விடைத்தது.

"அது எம் பாடமுங்க டீச்சர். எனக்கு வர வேண்டியத அவரு படிச்சா நான் என்னத்தப் படிக்கறது? மூனு மார்க்கு வேற உட்டிருக்காரு. செல்லக் குடுங்க, நானே பேசறேன்."

பண்ணையில் நின்றபடியே அப்பாவோடு பேசினாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் கேட்டது இதுதான்: "செல்லு ஊட்டுக்கு வரோணும். வந்தாத்தான் அப்பப்பக் கூப்புட்டுப் பாத்துக்கலாம்னு அம்மா என்னய ஊட்ல உடும். நீங்க என்ன பள்ளிக்கூடமா போறீங்க?"

செல் திரும்ப என் கைக்கு வந்தபோது முருகேசன் மெதுவாகக் கேட்டார். "அனுப்பிப் போடறனுங்க டீச்சர். ஆனா எங்களுக்கு இன்னும் வட்டம் முடியலீங்களே." ஊருக்குப் பேச அவரிடம் இருந்தது அந்த ஒரு செல்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதியில் நிற்கும் பாடம்தான் அவருக்குக் கவலை.

நேராகப் பள்ளிக்குப் போனேன். இன்னும் சில மாதத்தில் ஓய்வு. பேசாமல் இருந்துவிடலாமா என்று வழி நெடுக யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு நாளுக்குத் தப்பான வருகை. முகம் பார்க்காமல் கோடு போட்டதில்லை என்று அடித்துக்கொண்ட வாய் இது. தலைமையாசிரியை அறைக்குள் போய் நின்று வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார்.

"எழுதிக் குடுத்துருங்க டீச்சர்."

எழுதினேன். ஐம்பத்தெட்டு நாள் வருகை தவறாகப் பதியப்பட்டது, தவறு என்னுடையது, அந்த மாணவியின் வீட்டில் செல் இல்லை, வீட்டுப்பாடம் எழுதியது அவள் தந்தையும் அவருடன் வேலை செய்பவர்களும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். 'சமையல்காரர்' என்ற இடத்தில் மட்டும் உதடு கொஞ்சம் கோணியது. முத்திரை குத்திக் கோப்பில் வைத்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்தார். நூறு சதவீதம் என்று அனுப்பியது தவறு, மாதிரியாக அனுப்பிய பக்கங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று மேலிடத்துக்குக் கடிதம். அடியில் அவர் எழுதிய கடைசி வரியைப் படித்துக் காட்டினார்: 'செல் எந்த ஊரில் உள்ளது என்று கேட்கப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கலாம்.'

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாகவே அலுவலகத்துக்குப் போய்வந்தார். என்ன ஆயிற்று என்று பயந்து பயந்து கேட்டேன். "காப்பி குடுத்தாங்க, குடிச்சுப்போட்டு வந்தனுங்க" என்றார். அதற்கு மேல் இன்றுவரை சொல்லவில்லை. அவரைக் கண்டால் வந்துகொண்டிருந்த எரிச்சல் அன்றோடு நின்றது.

என்ஜின் வேலைக்காகத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிய ஒரு ரிக் வண்டியில் செல் வந்து சேர்ந்தது. பாலிதீனில் சுற்றி, துணியில் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்ததாம். அடுத்த நாள் பத்து மணிக்குக் குழுவில் ஒரு குரல். "உள்ளேன் டீச்சர், தாரணி. நெசமாவே தாரணிதானுங்க." மழைச் சத்தம் இல்லை. நான் உடனே வீடியோ கால் போட்டு, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டேன்.

பேனாவை மூடக்கூட இல்லை, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'டீச்சர், முருகேசன். டிரில்லர் செல்லில் இருந்து. உள்ளேன்.'

அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். செல்லை அவரிடம் நீட்டினேன். நோட்டைத் திருப்பி, முப்பத்தொன்றுக்குக் கீழே, பென்சிலால் 32 என்று போட்டு, 'முருகேசன்' என்று எழுதினேன். அன்றிலிருந்து அவருக்கும் பாடம் போனது. வேலை இல்லாத நாள் வீட்டுப்பாடம் வரும். வேலை இருந்தால் 'இன்று போர், நாளை எழுதுகிறேன்' என்று விடுப்புச் செய்தி வரும். ஒரு பிள்ளையும் எனக்கு அப்படி விடுப்புச் சொன்னதில்லை. தேர்வு வைத்தால் அப்பாவுக்கு எத்தனை என்று தெரிந்துகொள்ளாமல் தாரணி தன் மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டாள். அந்த வருஷம் கடைசி வரை அவள்தான் ஜெயித்தாள்.

வருஷ முடிவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். அன்று மாலையே செய்தி வந்தது. 'டீச்சர், நானும் பாஸுங்களா?'

மறுநாள் தேர்ச்சிப் பட்டியலுக்காகத் தலைமையாசிரியை நீள நோட்டைக் கேட்டார். அந்தப் பென்சில் வரியை மறந்து, அப்படியே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வந்தவர் கடைசியில் நிறுத்தினார். கண்ணாடி கீழே இறங்கியது.

"பதிவேட்டுல பென்சில் கூடாதுங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"தப்புதானுங்க" என்று பையில் ரப்பரைத் தேடினேன்.

"அழிக்கச் சொன்னனுங்களா?" என்றார். தன் பேனாவைத் திறந்து என் பக்கம் வைத்தார். "எழுதிக் குடுத்துருங்க."

பென்சில் எழுத்தின் மேலேயே மையால் எழுதினேன். நோட்டை வாங்கி, கடைசிக் கட்டத்தில் 'தேர்ச்சி' என்று அவரே எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே முருகேசன் கத்திக் கேட்டார்.

"டீச்சர், இது மையிலதானுங்களே எழுதியிருக்கீங்க? இனி யாரும் எடுத்துர மாட்டாங்களே?"

எடுக்க மாட்டார்கள் என்று பதில் அனுப்பினேன். எட்டாம் வகுப்புப் புத்தகம் தாரணிக்கு வரும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்து எழுதினேன்.

கேட்டு முடித்த சுதா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பழைய பேப்பர்காரருக்குப் போடலாமா என்று கேட்கத்தான் அதை எடுத்து வந்தாளாம். போகும்போது அதைத் தன் சேலைத் தலைப்பால் ஒரு முறை துடைத்து, பைக்குள் நிமிர்த்தி வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.